பெட்டிக்குள் கறுக்கும் வெள்ளி

வெள்ளி விலை ஏறியதிலிருந்து பல வீடுகளில் பழைய இரும்புப் பெட்டிகளுக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. 2024-ல் கிலோ ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது. 2025 டிசம்பரில் இரண்டு லட்சத்தையும் தாண்டிற்று. "சும்மா கிடக்கிறதுதானே, போட்டுவிடலாமே!" என்று வீட்டுக்காரர்கள் மெல்லப் பேச்செடுக்கிறார்கள்.

களக்காட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். மேற்கே மலை, பச்சையாற்றுத் தண்ணீர், நெல் வயல், வாழைத் தோட்டம். ஆனால் பிள்ளைகள் சென்னை, பெங்களூர் என்று குடியேறி விட்டார்கள். பெரியவர்கள் காலத்துக்குப் பிறகு ஒரு நாள் அரங்கு வீட்டைத் திறக்கிறார்கள். (நெல்லைச் சீமையில் சாமான் வைக்கும் உள்ளறைக்கு அதுதான் பெயர்.) சந்தனக் கும்பா, பன்னீர்ச் சொம்பு, குங்குமச் சிமிழ், வெற்றிலைத் தட்டு, பாலாடை, கிலுகிலுப்பை, கொக்கி போன கொலுசு எல்லாம் மலையடி ஈரத்தில் கரிக்கட்டையாகக் கறுத்துக் கிடக்கின்றன. பட்டணத்து வீட்டில் இதையெல்லாம் எங்கே வைப்பது? கடைசியில் கடைத் தராசுக்குத்தான் போகிறது.

தராசுக்கு வெள்ளி தெரியும், வேலைப்பாடு தெரியாது. கும்பாவின் விளிம்பில் ஆசாரி ஒரு வாரம் உட்கார்ந்து செதுக்கிய கொடிக்குக் காலணா கிடையாது. உருக்கினால் என்ன தேறுமோ அந்த எடைக்குத்தான் காசு. அதே போன்ற புதுக் கும்பா வேண்டுமானால் செய்கூலி, சேதாரம், போதாக்குறைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி. வேறு!

"அந்தக் காலத்திலும் வெள்ளியை உருக்கத்தானே செய்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். வாஸ்தவம். 1940-க்கு முந்திய வெள்ளி ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை. பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. முப்பது ரூபாயை எண்ணி ஆசாரியிடம் கொடுத்தால், சுமார் 350 கிராமில் ஒரு பாத்திரம் வந்துவிடும். 1940-ல் ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் நிக்கல் ரூபாயே வந்துவிட்டது. ஜெய்ப்பூர் மகாராஜா 1902-ல் லண்டனுக்குக் கங்கை ஜலம் கொண்டுபோன பிரம்மாண்டமான வெள்ளிச் சாடிகள்கூட நாணயத்தை உருக்கிச் செய்தவைதாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் உருக்கியது, ஒன்றைப் போல் ஒன்றாக அச்சடித்த காசை. நாம் உருக்கக் கொடுப்பது ஒரு மனிதன் கையால் செய்ததை.

மேல்நாட்டில் பாட்டியின் ஸ்பூனையும் முள்கரண்டியையும் வளைத்துச் சுவர்க் கொக்கி, மேஜை மணி என்று என்னென்னவோ செய்கிறார்கள். அவற்றில் பல வெறும் முலாம் பூசியவை. வளைத்தால் பெரிய நஷ்டமில்லை. நமக்கோ கையே கரண்டி! நம்முடைய வெள்ளி வேறு மாதிரி. ஆகையால் துளை போடாமல், பற்ற வைக்காமல், வேண்டும்போது பழையபடி எடுத்துக்கொள்ளும் விதத்தில் செய்வதே நல்லது.

எனக்கு மிகவும் பிடித்தது வெற்றிலைத் தட்டு. உலோகங்களில் வெளிச்சத்தை அதிகமாகத் திருப்பித் தருவது வெள்ளிதான். முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் வெள்ளியைப் பூசும் வித்தைக்கு லீபிக் என்ற ஜெர்மானியர் 1835-ல் வழி காட்டினார். துலக்கிய தட்டைச் சுவரோடு சாய்த்து, முன்னால் சற்றுத் தள்ளி ஓர் அகல் விளக்கை ஏற்றிப் பாருங்கள். மின்சார விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒரு சுடர் கூடம் முழுவதும் பரவும். நவராத்திரிக்கு இதைவிடச் சுலபமான அலங்காரம் எனக்குத் தெரியவில்லை.

பன்னீர்ச் சொம்பின் மூடியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த நெற்கதிர் நாலைந்து செருகுங்கள். தண்ணீர் வேண்டாம், உள்ளே கறை படியும். ஒற்றைக் கொலுசு, ஜன்னல் திரையைச் சேர்த்துக் கட்ட அளவெடுத்தது போல் இருக்கும். காற்றடித்தால் சலங்கையும் பேசும்.

குழந்தைச் சாமான்களுக்கு ஆழமான கண்ணாடிச் சட்டம் போடலாம். பாலாடை, தண்டை, கிலுகிலுப்பை ஆகியவற்றைக் கரும்பச்சைப் பருத்தித் துணியில் நூலால் தைத்து வையுங்கள். பசை வேண்டாம். கம்பளியும் ரப்பர் வளையமும் கூடவே கூடாது. அவற்றிலுள்ள கந்தகந்தான் வெள்ளிக்குச் சத்துரு. கறுப்பு என்பதே வெள்ளியும் கந்தகமும் சேர்ந்ததுதான்.

அந்தக் கறுப்பை நீக்க, ஒரு பேசினில் அலுமினியத் தாளை விரித்து, அதன் மேல் சாமானை வைத்து, கொதிநீரும் ஒரு கரண்டி சலவைச் சோடாவும் விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், சற்று நாற்றம் வரும். கந்தகம் அலுமினியத்துக்குப் போய்விடும், வெள்ளி தேயாது. ஆனால் கல் பதித்ததை இதில் போடாதீர்கள். சித்திர வேலையின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பையும் விட்டுவிடலாம். அதனால்தான் உருவம் எடுப்பாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்லவில்லை. வேலைப்பாடில்லாத அரைஞாண், நசுங்கிய டம்ளர் இவற்றைத் தாராளமாக விலைக்குப் போடுங்கள். பிரேம் போடும் செலவு அதிலேயே வந்துவிடும். திருட்டுப் பயம் உள்ளவர்கள் கனமானதை உள்ளே வைத்துக்கொண்டு, இலேசானதை மட்டும் கூடத்துக்குக் கொண்டு வரலாம். 'ஜெர்மன் சில்வர்' என்றால் அதில் வெள்ளி ஒரு குன்றிமணிகூட இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமுந்தான். அதைப் பயமில்லாமல் வாசலிலேயே வைக்கலாம்!

சட்டத்தை மூடும் முன் பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பக்கம் தெரியும்படி வையுங்கள். பெயர் தேய்ந்து போயிருந்தால், யாருடையது, யார் கல்யாணத்துச் சீர் என்பதை வீட்டில் வயதானவர்களைக் கேட்டு, பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டத்தின் பின்னால் செருகி விடுங்கள்.