குழாயும் தமனியும்

வேலப்பன்சாவடியில் பழைய தண்ணீர்க் குழாயை அறுத்தால் உட்புறத்தில் உப்புப் படிந்திருக்கக் காணலாம். தமனி தடிப்பதும் இவ்வாறே என்பர். உவமை பாதியே பொருந்தும். தமனியில் கொழுப்பு சுவருக்குள்ளேயே புகுந்து தங்குகிறது. 1913-இல் ருஷ்ய அறிஞர் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டி இதனைக் காட்டினார். ஆகவே இரத்தம் தடையின்றி ஓடும்போதே, வலியேதுமின்றிச் சுவர் தடித்துவிடக்கூடும்.

அதனை எவ்வாறு அறிவது? கழுத்துத் தமனி தோலுக்கு அருகில் ஓடுவதால், செவிக்கெட்டா ஒலியலைகளைச் செலுத்திச் சுவரின் உள்ளடுக்குகளை அளக்கலாம். வேலப்பன்சாவடிக்குக் கிழக்கே, திருமங்கலத்திலும் தியாகராய நகரிலும் வாழ்வோரை ஆராய்ந்த டாக்டர் வி. மோகன் குழுவினர் 2000-இல் முடிவை வெளியிட்டனர். நீரிழிவு இல்லாதோருக்குச் சராசரித் தடிப்பு 0.74 மில்லிமீட்டர், உள்ளோருக்கு 0.95. வேறுபாடு மில்லிமீட்டரில் ஐந்திலொரு பங்குதான். எத்துணைத் தேர்ந்த வைத்தியரும் மணிக்கட்டில் நாடி பிடித்து இதனை அறிய இயலாது.