ஒரு வெற்றிக்கு எத்தனை கோடி?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஓடும் மின்மோட்டாருக்குப் பயனுறுதிறன் உண்டு: கிடைத்த வேலையை, செலுத்திய ஆற்றலால் வகுத்தால் வருவது. கிரிக்கெட் அணியையும் இப்படி அளக்கலாமா?

2025 ஐ.பி.எல். போட்டியில் ஓர் அணி வீரர்களைத் தக்கவைக்கவும் ஏலத்தில் எடுக்கவும் செலவிடக்கூடிய உச்சவரம்பு 120 கோடி ரூபாய். லீக் சுற்றின் 14 ஆட்டங்களில் பெங்களூரு அணி 9 வென்றது. நம் சென்னை அணி 4. பணம் முழுவதும் செலவானதாகக் கொண்டால், ஒரு வெற்றியின் விலை சென்னைக்கு 30 கோடி. பெங்களூருக்கு 13 கோடிக்குச் சற்று மேல்! (எனக்கும் கசப்புதான்.)

ஆனால் அவசரப்படாதீர்கள். பத்துப் பேர், ஆளுக்கு 14 முறை பூவா தலையா சுண்டட்டும். சராசரியாக அவர்களில் ஒருவருக்குத் தலை நான்கு முறையோ அதற்கும் குறைவாகவோதான் விழும். இருவருக்கு ஒன்பதோ அதற்கு மேலோ விழும். மோட்டாரை நாட்கணக்கில் ஓட்டிச் சோதிக்கலாம். அணிக்குக் கிடைப்பதோ 14 ஆட்டங்கள். இதே சென்னை அணி 2023-இல், 95 கோடி வரம்புக்குள், கோப்பையையே வென்றதே!