பாடம் ஏறியது, நோய் இறங்கவில்லை!
விக்டோரியா ஏரிக்கரையில் பத்தாண்டு நடந்த ஆராய்ச்சி

ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதியில் தான்சானியா என்ற நாடு இருக்கிறது. அதன் வடக்கு எல்லையில் விக்டோரியா ஏரி உள்ளது. ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துக்கொள்ளக்கூடாது. கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை தெரியாது. கடல் போல் பரந்து கிடக்கும்.

அந்த ஏரியின் தென்கரையில் முவான்சா என்ற நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிலும் கிராமங்கள். சுகுமா இன மக்கள் அங்கே அதிகம். பருத்தியும் சோளமும் பயிரிடுகிறார்கள். மாடு வளர்க்கிறார்கள். ஏரியில் மீன் பிடிக்கிறார்கள்.

இந்தக் கிராமங்களில் அடுத்தடுத்து இரண்டு ஆராய்ச்சிகள் நடந்தன. முதல் ஆராய்ச்சி பெரிய வெற்றி. இரண்டாவது ஆராய்ச்சி எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டாவது ஆராய்ச்சியைத்தான்.

முதல் வெற்றி

எச்.ஐ.வி. என்பது எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் கிருமி. ஆப்பிரிக்காவில் அது பெரும்பாலும் ஆண்-பெண் உறவினால் பரவுகிறது. ஒருவருக்கு ஏற்கெனவே பால்வினை நோய் இருந்தால் இந்தக் கிருமி இன்னும் எளிதாக உடலில் புகுந்துவிடும். நம் பெரியவர்கள் "மேகநோய்" என்று சொல்வார்களே, அந்த வகை நோய்கள்தான் இவை.

அப்படியானால், மேகநோயை உடனுக்குடன் குணப்படுத்தினால் எய்ட்ஸ் கிருமி பரவுவதும் குறையுமா?

இதைக் கண்டுபிடிக்க 1991-ம் ஆண்டு ஆராய்ச்சி தொடங்கியது. 12 ஊர்த் தொகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 6 தொகுதிகளில் உள்ள சிறு ஆஸ்பத்திரிகளின் ஊழியர்களுக்கு நல்ல பயிற்சி கொடுத்தார்கள். மருந்து தட்டுப்பாடு இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மற்ற 6 தொகுதிகளில் பழைய நிலையே நீடித்தது. 12 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களைப் பரிசோதித்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பழைய நிலை நீடித்த ஊர்களில் 100-க்கு 1.9 பேர் வீதம் புதிதாகக் கிருமி தொற்றியிருந்தது. நல்ல சிகிச்சை கிடைத்த ஊர்களில் 1.2 பேர்தான். ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு!

1995-ல் இந்த முடிவு வெளியானது. டாக்டர்கள் வியந்தார்கள்.

வாலிபர்கள் வரவில்லை!

ஆனால் ஒரு குறை இருந்தது. ஆஸ்பத்திரி எவ்வளவு நன்றாக இருந்தாலும், நோயாளி வந்தால்தானே சிகிச்சை? இளவயதினர் வரத் தயங்கினார்கள். வெட்கம் ஒரு காரணம். பயம் இன்னொரு காரணம்.

"நர்சம்மா அம்மாவிடம் சொல்லிவிட்டால்?" என்று ஒரு பெண் நினைப்பாள். "இந்த வயதில் உனக்கு இது எதற்கு என்று திட்டுவார்களோ?" என்று ஒரு பையன் நினைப்பான். நோயை மறைத்துக்கொண்டே நாளைக் கடத்துவார்கள்.

ஆகவே இளவயதினருக்கென்றே இரண்டாவது ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. அதற்கு "மேமா குவா விஜானா" என்று பெயர் வைத்தார்கள். சுவாஹிலி மொழியில் இதற்கு "இளைஞர்களுக்கு நல்லவை" என்று பொருள்.

தான்சானியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம், ஆம்ரெஃப் என்ற ஆப்பிரிக்க மருத்துவத் தொண்டு நிறுவனம், லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஆகிய மூன்றும் இதில் கைகோத்தன. தான்சானிய அரசாங்கத்தின் கல்வி இலாகாவும் சுகாதார இலாகாவும் சேர்ந்துகொண்டன.

இத்தனை பேரையும் ஒரே வண்டியில் பூட்டி இழுப்பது லேசான வேலையா? ஆசிரியர் கல்வி இலாகாவின் ஆள். நர்சு சுகாதார இலாகாவின் ஆள். ஊர்ப் பெரியவர்கள் யாருக்கும் ஆள் அல்ல! பள்ளியில் பாடம் நடக்கவேண்டும். அதே சமயம் ஆஸ்பத்திரியில் ஊழியர் தயாராக இருக்கவேண்டும். ஊரில் எதிர்ப்பு வராமல் இருக்கவேண்டும். ஒன்று பிந்தினாலும் மற்றவை வீண். அதனால் ஒவ்வொரு ஊரிலும் முதலில் பெரியவர்களையும் பெற்றோர்களையும் கூட்டிப் பேசினார்கள்.

உரம் போட்ட வயல், போடாத வயல்

இந்த முறை 20 ஊர்த் தொகுதிகள். குலுக்கல் போட்டாற்போல் அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். 10 தொகுதிகளில் புதிய திட்டம். மற்ற 10 தொகுதிகளில் வழக்கமான ஏற்பாடு மட்டும்.

ஏன் இப்படிப் பிரிக்கவேண்டும்? புது உரம் நல்லதா என்று அறிய விரும்பும் விவசாயி என்ன செய்வார்? ஒரு வயலில் உரம் போடுவார். பக்கத்து வயலைச் சும்மா விடுவார். இரண்டிலும் விளைச்சலை அளப்பார். இரண்டு வயலிலும் ஒரே அளவு விளைந்தால், விளைச்சலுக்குக் காரணம் மழைதான், உரம் அல்ல என்று தெரிந்துவிடும். அதே கணக்குத்தான் இதுவும்.

1998-ம் ஆண்டு, 4, 5, 6-ம் வகுப்புகளில் படித்த 14 வயதும் அதற்கு மேலும் ஆன 9,645 பேரைப் பதிவு செய்தார்கள். 14 வயதில் 4-ம் வகுப்பா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கிராமங்களில் அப்போது பல பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்ததே தாமதமாகத்தான்.

நான்கு வேலைகள்

1999-ல் திட்டம் தொடங்கியது. நான்கு வேலைகள் ஒன்றாக நடந்தன.

முதலாவது, பள்ளிப் பாடம். 5, 6, 7-ம் வகுப்புகளில் ஆண்டுக்குச் சுமார் 12 பாடங்கள். ஒவ்வொன்றும் 40 நிமிஷம். ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர்களே தங்களுக்குள் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் சின்னச் சின்ன நாடகங்கள் நடித்துக் காட்டினார்கள். அந்த நாடகத்தை வைத்துப் பேச்சு தொடங்கும். ஆசிரியர் நேராகக் கேட்டால் வாய் திறக்காத பிள்ளைகள், நாடகத்தில் வரும் பெண்ணைப் பற்றிக் கேட்டால் பேசினார்கள்.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. இளவயதினர் வந்தால் முகம் சுளிக்காமல், ரகசியத்தை வெளியே விடாமல் கவனிக்க ஊழியர்களுக்குப் பயிற்சி. 7-ம் வகுப்புப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று, "இதுதான் இடம், இவர்தான் நர்சு" என்று காட்டினார்கள்.

மூன்றாவது, ஆணுறை. கிராமத்து இளைஞர்களே மற்ற இளைஞர்களுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளிகளுக்குள் ஆணுறையைக் காட்டி விளக்க அனுமதி இல்லை. அதனால் அது பள்ளிக்கு வெளியே நடந்தது.

நான்காவது, ஊர் நிகழ்ச்சிகள். இளைஞர் சுகாதார விழா, பள்ளிகளுக்கு இடையே போட்டி, வீடியோ படக் காட்சி முதலியவை.

இவ்வாறு 62 தொடக்கப் பள்ளிகளிலும் 18 சுகாதார நிலையங்களிலும் வேலை நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து நடத்தவில்லை. அந்த ஊர் ஆசிரியர்களும் அந்த ஊர் நர்சுகளுமே நடத்தினார்கள்.

நர்சுகள் சொன்னபடி நடந்துகொள்கிறார்களா என்று அறிய ஒரு தந்திரம் செய்தார்கள். சில இளைஞர்களை நோயாளி போல் நடிக்கச் சொல்லி அனுப்பினார்கள். பயிற்சி பெற்ற ஊழியர்கள் அதிகம் கடிந்துகொள்ளாமல், விவரமாகப் பேசியது தெரியவந்தது. மேகநோய்ச் சிகிச்சைக்கு வரும் வாலிபர்களின் எண்ணிக்கையும் கூடியது.

உண்மை சொல்வார்களா?

இந்த மாதிரி விஷயத்தில் யார்தான் உள்ளதை உள்ளபடி சொல்வார்கள்? "உறவு கொண்டதே இல்லை" என்று சொன்ன பெண்கள் சிலருக்குப் பரிசோதனையில் தொற்று இருப்பது தெரிந்தது. அவர்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? உண்மையைச் சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் வாய்ப்பேச்சை மட்டும் நம்பவில்லை. ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்தே முடிவு கட்டினார்கள். வேறு சிலர் 1999 முதல் 2002 வரை கிராமங்களிலேயே தங்கி, மக்களோடு சேர்ந்து உண்டு, உழைத்து, பேசிப் பழகி உண்மை நிலையை அறிந்தார்கள்.

முடிவு என்ன?

மூன்று ஆண்டுகள் கழிந்தன. பாடம் நடந்த ஊர்களில் பிள்ளைகளின் அறிவு நன்றாக வளர்ந்திருந்தது. நோய் எப்படி வரும், எப்படித் தடுப்பது என்று தெளிவாகச் சொன்னார்கள்.

ஆனால் எய்ட்ஸ் கிருமி? மேகநோய்? இளவயதில் கர்ப்பம்? இவை எதிர்பார்த்தபடி குறையவில்லை. பாடம் நடந்த ஊருக்கும் நடக்காத ஊருக்கும் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை!

"மூன்று ஆண்டுகள் போதாது, பிள்ளைகள் வளரட்டும், பார்ப்போம்" என்று காத்திருந்தார்கள். 2007, 2008-ம் ஆண்டுகளில் மறுபடியும் வந்தார்கள். 15 முதல் 30 வயது வரை உள்ள 13,814 பேரைப் பரிசோதித்தார்கள்.

பள்ளியில் படித்த பாடம் அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மனத்தில் நின்றது. பல பெண்களோடு உறவு வைத்ததாகச் சொன்ன ஆண்கள் ஓரளவு குறைந்திருந்தார்கள். ஆணுறை உபயோகிப்பதும் பெண்கள் சொன்னபடி ஓரளவு கூடியிருந்தது.

கிருமி மட்டும் குறையவில்லை. ஆண்களில் 100-க்கு 1.8 பேருக்கும், பெண்களில் 100-க்கு 4 பேருக்கும் எய்ட்ஸ் கிருமி இருந்தது. கொப்புளத்தை உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் கிருமி, ஆண்களில் 100-க்கு 26 பேரிடமும் பெண்களில் 41 பேரிடமும் காணப்பட்டது. இரண்டு வகை ஊர்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான்.

இந்த முடிவை அவர்கள் மூடி மறைக்கவில்லை. 2010-ல் உலகம் அறிய வெளியிட்டார்கள். வெற்றி என்று பூசி மெழுகியிருந்தால், மற்ற நாடுகளும் பாடம் மட்டும் நடத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறதே, ஏன்? கிராமங்களில் தங்கியவர்கள் கண்டறிந்த செய்திகள் இதற்கு விடை தருகின்றன.

ஏழைப் பெண்ணுக்கு ஒரு சோப்பு வாங்கக் காசு இருக்காது. யாராவது ஓர் ஆண் சிறு பணமோ பரிசோ கொடுப்பான். பதிலுக்கு அவன் எதிர்பார்ப்பது உறவு. அவன் பெரும்பாலும் அவளைவிட மூத்தவன். அவனுக்குக் கிருமி இருக்கும் அபாயமும் அதிகம். "ஆணுறை வேண்டும்" என்று சொல்ல அவளுக்குத் தெரியும். பாடத்தில் படித்திருக்கிறாள். ஆனால் சொல்லும் தைரியம் எங்கிருந்து வரும்?

அந்த மனிதன் எந்தப் பாடத்திலும் உட்காரவில்லை. அவனுக்கு யாரும் நாடகம் காட்டவில்லை.

பள்ளியிலும் ஒரு தடை இருந்தது. காலையில் பிரம்பு எடுத்த ஆசிரியரிடம், மதியம் மனம் திறந்து சந்தேகம் கேட்கப் பிள்ளைகளால் முடியுமா? பாதியில் படிப்பை நிறுத்தியவர்களுக்கோ அந்தப் பாடமும் கிடைக்கவில்லை.

பெரியவர்களுக்கும் பாடம்

ஆராய்ச்சியாளர்கள் கடைசியில் சொன்னது இதுதான்: இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவசியம், அதை நிறுத்தக்கூடாது. ஆனால் அது மட்டும் போதாது. அவர்களைச் சுற்றியுள்ள பெரியவர்களின் வழக்கமும் மாறவேண்டும்.

பெரியவர்கள் மாற்றவேண்டியதில் ஒரு சட்ட வழக்கமும் இருந்தது. அந்நாட்களில் தான்சானியாவில் ஒரு மாணவி கர்ப்பமானால் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். குழந்தை பிறந்த பிறகும் திரும்பிச் சேர முடியாது. அவளை அந்த நிலைக்கு ஆளாக்கியவன் வழக்கம்போல் நடமாடுவான். அவள் படிப்பு முடிந்துவிடும். அப்படி இருக்க, எந்தப் பெண் பயமில்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறுவாள்?

2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்தத் தடையை அரசாங்கம் நீக்கியது. தாயான மாணவியும் இப்போது மறுபடி பள்ளிக்கு வரலாம்.