தானியங்கி வானூர்திகள் வழி அவசர மருந்து வழங்கல்

தரைவழி துண்டிக்கப்பட்ட அல்லது எளிதில் சென்றடைய முடியாத இடங்களுக்கு மருந்து, தடுப்பூசி, குருதி ஆகியவற்றை ட்ரோன்களில் அனுப்பும் முறை இது. செல்லும் பாதை, திரும்பவேண்டிய புள்ளிகள், உயரம் ஆகியவை முன்கூட்டியே பதியப்படுகின்றன. செயற்கைக்கோள் வழிகாட்டலைக் கொண்டு ட்ரோன் தானே பறந்து இறங்குகிறது. தொடர்பு அறுந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும்படியும் அமைக்கலாம்.

இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட நிகழ்வு, மணிப்பூரின் லோக்தாக் ஏரியிலுள்ள காராங் தீவில் நடந்தது. 2021 அக்டோபர் 4 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'ஐ-ட்ரோன்' திட்டத்தின்கீழ், பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து கோவிட் தடுப்பூசி அங்கு அனுப்பப்பட்டது. வழக்கமான தரைப்பாதை 26 கி.மீ.; வான்வழி 15 கி.மீ. பயணம் 12 முதல் 15 நிமிடங்களில் முடிந்தது. அன்று அங்கே ஊசி போட்டுக்கொள்ள இருந்தவர்கள் 18 பேர்தாம். எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் எடை குறைந்த, காத்திருக்க முடியாத பொருளுக்கே ட்ரோன் ஏற்றது. அரிசி மூட்டைக்குப் படகும் டிராக்டரும்தான் வேண்டும். ருவாண்டாவில் 2016 முதல் மருத்துவமனைகளுக்குக் குருதிப் பைகள் இவ்வாறே செல்கின்றன. அங்கு ட்ரோன் தரையிறங்குவதில்லை, பொட்டலம் பாராசூட்டில் இறங்குகிறது.

தமிழ்நாட்டில் இதன் தேவை வெள்ளக் காலத்தில் தெளிவாகத் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தில், மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வந்தால் பாம்புகளும் மேட்டைத் தேடி வீடுகளுக்குள் வரும். கடிபட்டவருக்குத் தொடக்கத்திலேயே பொதுவாக 8 முதல் 10 குப்பி நஞ்சுமுறி மருந்து தேவைப்படும். ஒரு சிறு ட்ரோன் அதை எளிதாகச் சுமக்கும். எனினும் அம்மருந்து கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். ஆகவே ட்ரோன் போய்ச் சேர வேண்டிய இடம் நோயாளியின் வீடு அன்று, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். புயல் வீசும்போது சிறு ட்ரோன்கள் பறக்க இயலாது. காற்று ஓய்ந்தபின், சாலையில் நீர் வடியாத இடைவெளியே அவற்றுக்கான நேரம்.

பாதை வகுப்பதில் நிலவமைப்பும் முக்கியம். இந்திய ட்ரோன் விதிகள் 2021-இன்படி, பச்சை மண்டலங்களில் முன்னனுமதியின்றிப் பறக்கக்கூடிய உயரம் 400 அடி வரை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி சுமார் 800 அடி உயரமுள்ளது. வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு ட்ரோனை அனுப்பினால் அது பாறையில்தான் மோதும். இத்தகைய ஊர்களில் குன்றுகளைச் சுற்றிச் செல்லும்படி பாதையை முன்பே பதிய வேண்டும்.