நாலு மணிக்கு இருட்டும் ஊரில் தேநீர்

மதிய உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே, மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணிக்குள், கொஞ்சம் தீனியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பதுதான் ஆங்கிலேயரின் பிற்பகல் தேநீர். கோடையில் அதைத் தோட்டத்தில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த வழக்கத்துக்கு உண்மையில் பொருத்தமான காலம் குளிர்காலம்தான். டிசம்பர் நடுவில் லண்டனில் 4 மணி அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. வெளியே போக மனம் வராது, இரவுச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்கிறது, வயிறோ கேட்கிறது. நண்பர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட இதைவிடத் தோதான வேளை அந்த நாட்டில் இல்லை.

வழக்கம் பிறந்ததும் பசியால்தான் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் மேல்தட்டுக் குடும்பங்களில் இரவு உணவு ஏழு, எட்டு மணி என்று தள்ளிப்போனது. 1840 வாக்கில் பெட்ஃபர்ட் பிரபுவின் மனைவி அன்னா மரியா அந்த இடைவெளியைத் தாங்கமாட்டாமல் தேநீரும் ரொட்டியும் வெண்ணெயும் அறைக்கு வரவழைத்துச் சாப்பிட்டார், பிறகு தோழிகளையும் சேர்த்துக்கொண்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. ஒரே ஆள் தொடங்கிவைத்த வழக்கம் என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தேயிலை அதற்கு முன்பே எட்டும் பொருளாகியிருந்தது. 1784இல் 119 சதவீதமாக இருந்த தேயிலை வரியைப் பிரிட்டிஷ் அரசு 12.5 சதவீதமாகக் குறைத்ததோடு, பெட்டியில் பூட்டிவைத்த சரக்கு சாதாரண வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது. பின்னர் அசாம், இலங்கை, நீலகிரித் தோட்டங்கள் அந்தக் கோப்பைகளை நிரப்பின. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் அழித்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலையானது. கொழுந்து கிள்ளிய கைகள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களுடையவை.

ஓட்டல்களில் மூன்றடுக்குத் தட்டில் வரும் அலங்காரங்கள் வீட்டுக்குத் தேவையில்லை. விருந்தாளி ஒருவர் என்றால் ரொட்டி வகை ஒன்று, இனிப்பு ஒன்று, நல்ல தேநீர்; இவ்வளவு போதும். அழைத்தவர் அடுப்படியிலேயே நின்றுகொண்டிருந்தால் நண்பர் யாரோடு பேசுவது? ஆகவே சூடாகத் தரவேண்டிய பண்டம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்றவை முன்னதாகவே செய்து முடித்தவையாக இருக்கட்டும்.

வெள்ளரிக்காய் சாண்ட்விச் பெயர்பெற்றது என்றாலும் அது கோடைப் பண்டம். குளிருக்குக் கிரம்பெட் ஏற்றது. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த மாவைக் கல்லில் வளையம் வைத்து வார்த்தெடுப்பது. செட் தோசைபோல மேல்முகமெல்லாம் துளை. கடையில் வாங்கிய கிரம்பெட்டை மொறுமொறுவென்று வாட்டி, சூடு ஆறுவதற்குள் தாராளமாக வெண்ணெய் தடவினால் அது உருகித் துளைகளுக்குள் இறங்கும். முன்பு நீண்ட முள்கரண்டியில் குத்திக் கணப்பு நெருப்பில் வாட்டினார்கள். இன்று டோஸ்டர் போதும். இதில் வெண்ணெயைக் குறைப்பவர் கிரம்பெட்டே செய்யாமலிருக்கலாம்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு ஸ்கோன் எளிது. 225 கிராம் மைதாவில் மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் சிட்டிகை உப்பும் கலந்து, 55 கிராம் குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் உதிரியாகப் பிசறி, 25 கிராம் சர்க்கரையும் சுமார் 150 மில்லி பாலும் சேர்த்துத் திரட்ட வேண்டும். சப்பாத்தி மாவைப் பிசைவதுபோல் பிசைந்தால் கெட்டது காரியம். பசை இறுகி ஸ்கோன் கல்லாகிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, வட்டமாக வெட்டி, 220 டிகிரி அடுப்பில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் போதும். பிளந்து, ஜாமும் கிளாட்டட் க்ரீம் எனும் கெட்டிப் பாலேடும் வைத்துச் சாப்பிடுவார்கள். டெவன் மாவட்டத்தார் ஏட்டை முதலில் தடவுவார்கள், பக்கத்துக் கார்ன்வால்காரர்கள் ஜாமை. இந்தச் சண்டைக்கு இதுவரை தீர்ப்பில்லை. ஸ்கோன் அன்றன்றே தின்பதற்கானது, மறுநாள் வறண்டுவிடும்.

இனிப்பாக, ஸ்கோனுக்கு நேர்மாறாக முன்கூட்டியே செய்துவைக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். யார்க்‌ஷயரில் நவம்பர் மாதத்தில் செய்யும் பார்க்கின் என்ற ஓட்ஸ்-இஞ்சிக் கேக், டப்பாவில் சில நாள் கிடந்தால்தான் மென்மையாகிச் சுவை கூடும். உலர்பழக் கேக்கும் அப்படியே. அந்த மாவட்டத்தில் அதற்குத் துணையாக வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டித் துண்டு வைப்பதுண்டு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் மின்ஸ் பை. கொத்துக்கறி என்று பொருள்படும் பெயரைக் கேட்டுச் சைவர்கள் பயப்படலாம்: இன்றைய மின்ஸ் பையில் இருப்பது உலர்பழமும் மசாலாவும்தான், ஆனால் மாட்டுக்கொழுப்பு சேர்த்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தேநீர்தான் தவறக் கூடாதது. பால், தூள், சர்க்கரை எல்லாம் ஒன்றாகக் கொதிக்கும் நம்மூர் டீக்கு நேர் எதிரான முறை இது. இலை கொதிப்பதே இல்லை, கொதிநீரில் ஊறுகிறது. ஆகவே சூடு எங்கும் வீணாகக் கூடாது. குளிர்ந்த பீங்கான் கெண்டியில் கொதிநீரை ஊற்றினால் சூட்டில் ஒரு பங்கைப் பாத்திரமே குடித்துவிடும், சாயம் சரியாக இறங்காது. எனவே முதலில் வெந்நீர் விட்டுக் கெண்டியைச் சூடேற்றிக் கொட்டிவிட்டு, கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் இலை போட்டு, அப்போதுதான் கொதித்த நீரை ஊற்ற வேண்டும். பால் சேர்ப்பதானால் அசாம், இலங்கைத் தேயிலைக்கு நாலைந்து நிமிடம் ஊற வேண்டும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரிப் பனியில் மெதுவாக வளர்ந்த கொழுந்தின் மணத்துக்குத் தனி மதிப்புண்டு. அதற்கு மூன்று நிமிடமும் பால் இல்லாமையும் பொருந்தும். கெண்டிமேல் மூடும் பஞ்சு உறை பேச்சு நீளும்வரை சூட்டைக் காக்கும். ஆனால் இலை உள்ளேயே கிடந்தால் கடுக்கும். கடுத்ததை இளக்கிக்கொள்ளத்தான் பக்கத்தில் ஒரு கூஜா வெந்நீர். இரண்டாவது சுற்றுக்குப் புது இலை போடுவதே மரியாதை.

பாலை முன்னே ஊற்றுவதா பின்னே ஊற்றுவதா என்பதில் பெரியவர்களே முட்டிக்கொண்டார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய கட்டுரையில் தேநீர்தான் முதலில் என்றார். பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2003இல் பால்தான் முதலில் என்றது. கொதிக்கும் தேநீரில் விழும் பாலின் புரதம் கெட்டுச் சுவை மாறுகிறது என்பது அதன் காரணம். வந்தவருக்கு எவ்வளவு பால் பிடிக்கும் என்று தெரியாதபோது தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, பால் குவளையை அவர் பக்கம் நகர்த்திவைப்பதே வசதி.