எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவர்களே, பேட்ஜைக் கழற்றாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்து எக்ஸ்ரே டெக்னீசியன்கள் பல வருடம் வேலை பார்த்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். “டாக்டர், மரபணு கெட்டிருக்குமா? ரத்தம் பார்த்துச் சொல்லுங்க” என்கிறார்கள். பேட்ஜ் எங்கே என்று கேட்டால், “டிராயர்ல இருக்கு” என்று பதில் வருகிறது. வருடக்கணக்கில் பட்ட கதிரைப் பதிவு செய்திருக்க வேண்டியது அந்த பேட்ஜ்தான். அதை விட்டுவிட்டு ரத்தத்தில் தேடி என்ன பயன்?

தவறான நம்பிக்கைகள்

“பால், வெல்லம், வாழைப்பழம் சாப்பிட்டால் கதிர் வெளியேறிவிடும்.” எக்ஸ்ரே உடலில் தங்குவதில்லை, அதனால் வெளியேற்ற எதுவுமில்லை. டி.என்.ஏ. இழை முறிவது நொடிப்பொழுதில் நடந்து முடிகிறது. பெரும்பாலானவற்றைச் செல்லே சரிசெய்துவிடும். தவறாக ஒட்டிக்கொண்டவற்றை வெல்லமும் திருத்தாது, டானிக்கும் திருத்தாது.

“அயோடின் மாத்திரை காக்கும்.” கதிரியக்க அயோடின் உடலுக்குள் போகும் ஆபத்து வந்தால் மட்டுமே அது தைராய்டைக் காக்கும். எக்ஸ்ரேயிடம் அதற்கு வேலையே இல்லை. தானாக வாங்கி விழுங்கித் தைராய்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

“மலையில் ஏற்கெனவே கதிர்வீச்சு உண்டு, நமக்குப் பழகிவிட்டது.” உயரம் கூடினால் காஸ்மிக் கதிரும் கூடும் என்பது உண்மை. ஊட்டியில் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் காஸ்மிக் கதிர்களைத்தான் ஆராய்கிறது. ஆனால் உடல் இதற்குப் பழகாது. வேலையில் படுவது அதற்கு மேல் சேரும் கணக்கு.

“பிறக்கும் பிள்ளைக்கு ஊனம் வரும்.” ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை. மோனசைட் மணல் நிறைந்த கேரளக் கடற்கரையில் பிறந்த குழந்தைகளின் குரோமோசோம்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இந்தப் பயத்தில் திருமணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அதற்காக அலட்சியமும் கூடாது: அளவு கூடக்கூடப் புற்றுநோய் அபாயம் கூடும், கண்ணில் புரை விழலாம்.

“பேட்ஜ் போட்டால் பாதுகாப்பு.” பேட்ஜ் அளக்கும், தடுக்காது. தடுப்பது ஈய ஏப்ரனும் தூரமும்தான்.

ரத்தப் பரிசோதனை

முறிந்து தவறாக ஒட்டிக்கொண்ட டைசென்ட்ரிக் குரோமோசோம்களை எண்ணும் சோதனை சுமார் 100 மில்லிகிரேக்கு மேல் ஒரேயடியாகப் பட்டால்தான் தெளிவாகப் பேசும். செல்லில் தனியே நிற்கும் சிறு உட்கருக்களை எண்ணும் மைக்ரோநியூக்ளியஸ் சோதனையின் முடிவை வயதும் புகைப்பழக்கமும்கூட மாற்றும். பேட்ஜ் மிக உயர்ந்த அளவைக் காட்டும்போதோ விபத்தின்போதோதான் இவை தேவை.

கெஞ்சிக் கேட்கிறேன்

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பேட்ஜ் இல்லாமல் இதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?

பேட்ஜை மார்பில், ஏப்ரனுக்கு உள்ளே அணியுங்கள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரில் குத்தி, அந்த ஸ்வெட்டரை எக்ஸ்ரே அறை ஆணியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். அது உங்கள் கணக்கை அல்ல, அறையின் கணக்கை எழுதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் அளக்க அனுப்புங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தை அசைகிறது என்று தினமும் நீங்களே பிடிக்காதீர்கள். உடன் வந்தவருக்கு ஏப்ரன் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், கர்ப்பிணியாக மட்டும் இருக்கக்கூடாது. தங்கைகளே, நாள் தள்ளிப்போனால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். கர்ப்பம் தெரிந்த பின் கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்தான்.

மருத்துவமனை நடத்துகிறவர்களே, ஒரே ஆளை எக்ஸ்ரேக்கும் சி-ஆர்முக்கும் ஓடவிட்டு, அவருக்கான பேட்ஜ் கட்டணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். அளவு அறிக்கை வந்ததும் அவர் கையில் கொடுங்கள். அதைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு.