படிக்க இயலாத கோப்பும் கருநிரலின் கடமையும்

புறநானூற்றை வரிசையாகப் படித்துச் செல்வோர் 266-ஆம் பாடலை முடித்ததும் 269-ஆம் பாடலுக்கு வந்துவிடுவர். இடையிலுள்ள இரண்டு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. 1894-ஆம் ஆண்டில் அந்நூலைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், இல்லாத அவ்விரண்டின் எண்களை அடுத்த பாடல்களுக்குச் சூட்டி இடைவெளியை மூடிவிடவில்லை. ஆதலால் எவ்விடத்தில் எத்தனை பாடல்களை இழந்தோம் என்பதை இன்றும் நாம் அறிகிறோம். கணினிக்குள் ஒரு கோப்பு சிதைந்துவிட்டால் இயங்குதளம் ஆற்ற வேண்டிய கடமையும் இத்தகையதே. அக்கடமை எவ்வாறு ஆற்றப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இது பொறியாளர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையில் அமைந்த காஹாங் போன்ற ஊர்களில் ஆலயக் கணக்கு, மன்றக் கூட்டக் குறிப்பு, பள்ளி ஆண்டுமலர், தோட்டத்து முதியோரின் குரற்பதிவு முதலியவை இன்று கோப்புகளாகவே சேமிக்கப்படுகின்றன. அவை ஒரே கணினியில் அல்லது ஒரே விரலியில் மட்டும் இருப்பதும் உண்டு. மாலை மழையோடு வரும் இடியும் மின்தடையும் நமக்குப் புதியவை அல்ல. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் அறுபட்டால் ஒரு பகுதி வட்டில் பதிந்தும் மறுபகுதி பதியாமலும் போகலாம். பின்னொரு நாள் அக்கோப்பைத் திறக்கும்போது கணினி நமக்கு உண்மையைச் சொல்கிறதா என்பதே நம் கேள்வி.

நான்கு விடைகள்

ஒரு நிரல் தனக்கு வேண்டிய கோப்பை நேரே வட்டிலிருந்து எடுப்பதில்லை. இயங்குதளத்தின் உள்மையமாகிய கெர்னல் என்னும் கருநிரலிடம் கேட்டே பெறுகிறது. லினக்ஸ் கருநிரலில் இக்கோரிக்கையை ஏற்பது மெய்நிகர் கோப்பு முறைமை என்னும் அடுக்காகும். கோப்பு வன்வட்டில் இருந்தாலும், விரலியில் இருந்தாலும், வலையமைப்பின் மறுமுனையில் இருந்தாலும், நிரலுக்கு ஒரே முறையில் விடையளிப்பது இவ்வடுக்கின் பணி.

விடைகள் நான்கு வகைப்படும். கோப்பு உண்டு, இதோ அதன் உள்ளடக்கம் என்பது முதல் விடை. உள்ளே ஒன்றும் எழுதப்படாத வெற்றுக் கோப்பும் இவ்வகையினதே. அப்படியொரு கோப்பே இல்லை என்பது இரண்டாவது. லினக்ஸில் இதன் பிழை எண் 2. கோப்பு உண்டு, உமக்கு அனுமதி இல்லை என்பது மூன்றாவது. இதன் எண் 13. கோப்பு உண்டு, அனுமதியும் உண்டு, ஆயினும் படிக்க இயலவில்லை என்பது நான்காவது. இதன் எண் 5.

நான்காம் விடைக்குரிய இடத்தில் வேறொன்றைச் சொன்னால் கேடு விளையும். கோப்பே இல்லை என்று சொன்னால், கேட்ட நிரல் அதே பெயரில் புதிய கோப்பொன்றை உருவாக்கிப் பழையதன் இடத்தைக் கவர்ந்துகொள்ளலாம். கோப்பு வெறுமை என்று சொன்னால், அன்றிரவு இயங்கும் காப்புப்படி நிரல் அவ்வெறுமையையே நகலெடுத்து, முன்பு நன்றாயிருந்த படியின்மேல் எழுதிவிடலாம். மூலமும் படியும் ஒருசேர அழியும். அழிந்ததை எவரும் அறியார்.

ஐநோட் கெட்டால்

ஒரு கோப்பு மூன்று உறுப்புகளால் ஆனது. பெயர் கோப்புறையில் இருக்கும். அதனருகே ஓர் எண் மட்டுமே இருக்கும். அவ்வெண் சுட்டும் பதிவே ஐநோட் எனப்படுவது. கோப்பின் அளவு, உரியவர், காலம், உள்ளடக்கம் வட்டின் எந்தெந்தத் தொகுதிகளில் உள்ளது என்னும் செய்திகள் அதில் அடங்கும். மூன்றாவது உறுப்பு உள்ளடக்கமே. நூலகத்தில் நூற்பட்டியல், அட்டை, நூல் ஆகிய மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருப்பதைப் போன்றது இது. ஆகவே ஒன்று கெட்டு மற்றவை நலமாக இருத்தல் கூடும்.

ஐநோட்டைப் படிக்க இயலாதபோது செய்ய வேண்டியதற்காக லினக்ஸ் மூலநிரலில் சிறியதொரு தனிக்கோப்பு உள்ளது. ஸ்டீபன் டுவீடி 1997-ஆம் ஆண்டில் எழுதியது அது. அதன் முறை எளியது. ஒவ்வொரு ஐநோட்டுக்கும் திறத்தல், படித்தல், எழுதுதல், பெயர் மாற்றல் முதலிய செயல்களுக்குரிய செயற்கூறுகளின் பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். ஐநோட் கெட்டது எனத் தெரிந்ததும் கருநிரல் அப்பட்டியலை அகற்றி வேறொரு பட்டியலை இணைக்கிறது. புதிய பட்டியலின் செயற்கூறுகள் எதைக் கேட்டாலும் ஐந்தாம் எண் பிழையையே விடையாகத் தரும்.

இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. ஒரு கோப்பு கெட்டதற்காகக் கணினி முழுவதும் நின்றுவிடுவதில்லை. பிற கோப்புகள் வழக்கம்போல் கிடைக்கின்றன. மேலும், கெட்டதெனக் குறிக்கப்பட்ட ஐநோட்டைக் கருநிரல் வட்டுக்குத் திரும்ப எழுதுவதில்லை. தனக்கு விளங்காத ஒன்றைத் தன் ஊகத்தால் நிரப்பி மூலத்தின்மேல் எழுதுவது மீட்பதற்குரிய வாய்ப்பையும் அழித்துவிடும் அன்றோ?

இந்நிலையில் கோப்புறையின் விரிவான பட்டியலைக் கேட்டால், கோப்பின் பெயர் தெரியும். அளவு, உரியவர், காலம் ஆகியவற்றின் இடங்களில் வினாக்குறிகள் நிற்கும். காண்பவர் அஞ்சக்கூடும். ஆயினும் அவ்வினாக்குறிகள் நேர்மையானவை. 267, 268 என்னும் எண்களைப் போல, இங்கே ஒன்று இருந்தது என்று அவை சான்று பகர்கின்றன.

உள்ளடக்கம் கெட்டால்

ஐநோட் நலமாயிருந்து உள்ளடக்கத்தின் ஒரு தொகுதி மட்டும் கெட்டிருத்தலும் உண்டு. வட்டு தன் ஒவ்வொரு பகுதியோடும் திருத்தக் குறியீட்டைச் சேர்த்தே எழுதுகிறது. சிறு சிதைவை அக்குறியீட்டைக் கொண்டு தானே திருத்திக்கொள்ளும். பெருஞ்சிதைவாயின் பலமுறை முயன்று, இறுதியில் இயலாது என்று கருநிரலுக்கு அறிவிக்கும். கணினி நெடுநேரம் தயங்கி நிற்பது பெரும்பாலும் இம்முயற்சியின்போதுதான். கருநிரல் அப்பகுதிக்கென ஒதுக்கிய நினைவகப் பக்கத்தைச் செல்லத்தக்கதாகக் குறிப்பதில்லை. சிதைவுக்கு முன்னுள்ள பகுதியை நிரலிடம் தந்து, சிதைந்த இடத்தை அடைந்ததும் ஐந்தாம் எண் பிழையைத் தருகிறது.

இவற்றினும் கொடியது, வட்டு தவறான உள்ளடக்கத்தைச் சரியென எண்ணித் தருவது. இதனைக் கண்டறிய ஒவ்வொரு தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகை வேண்டும். லினக்ஸில் பரவலாக வழங்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 2012 முதல் ஐநோட் முதலிய உட்பதிவுகளுக்கு அவ்வசதியைப் பெற்றுள்ளது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவை உள்ளடக்கத்துக்கும் அதனைச் செய்கின்றன. உட்பதிவில் முரண் கண்டால் கோப்பு முறைமை முழுவதையும் படிப்பதற்கு மட்டும் உரியதாக மாற்றிவிடும்படி எக்ஸ்ட்4-க்குப் பணிக்கவும் இயலும். மேலும் எழுதிக் கேட்டைப் பெருக்காதிருத்தலே இதன் நோக்கம்.

கருநிரலும் எப்போதும் குறையற்றதாக இருந்ததில்லை. எழுதியவை வட்டில் சேர்ந்தனவா என்று நிரல் கேட்கும்போது, சேரவில்லை என்னும் பிழையை லினக்ஸ் ஒருமுறை தெரிவித்துவிட்டு, மறுமுறை கேட்டால் எல்லாம் முடிந்தது என்று விடையளிப்பதைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தார் 2018-ஆம் ஆண்டில் பெருஞ்சிக்கலாக விவாதித்தனர். மறுமுறை கேட்டால் போதும் என்று நம்பியிருந்த அத்தரவுத்தளம், 2019 முதல் அத்தகைய பிழையைக் கண்டதும் உடனே நின்று, தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழும்படி திருத்தப்பட்டது. உண்மையைச் சொல்வதோடு, அதனைக் கேட்பவர் தவறாமல் அறியும்படி சொல்வதும் கடமை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

நாம் செய்யத்தக்கவை

தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும் பழைய கோப்புகளை இவற்றோடு குழப்பலாகாது. யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் முதலிய பல குறியேற்றங்களில் எழுதப்பட்டவை அவை. கருநிரல் அவற்றைப் பழுதின்றிப் படிக்கிறது, எழுத்துருவே பொருந்தவில்லை. உரிய மாற்றியைக் கொண்டு அவற்றை மீட்கலாம்.

உண்மையிலேயே படிக்க இயலவில்லை என்னும் விடை வந்தால், முதலில் அவ்வட்டில் எழுதுவதை நிறுத்த வேண்டும். வட்டை வடிவமைக்கட்டுமா என்று கணினி கேட்டால் இணங்கக் கூடாது. பழுதுநீக்கும் நிரலையும் உடனே இயக்கலாகாது. அந்நிரல் கோப்பு முறைமையின் ஒழுங்கைச் சீர்செய்யவே இயற்றப்பட்டது. அதற்காகச் சிதைந்த ஐநோட்டுகளை அழித்துவிடவும் கூடும். முதலில் வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுக்க வேண்டும். டிடிரெஸ்கியூ போன்ற நிரல்கள் எளிதில் கிடைக்கும் பகுதிகளை முன்னதாக எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களை இறுதியில் முயல்கின்றன. பழுதுநீக்கும் முயற்சிகளைப் படியில் மட்டுமே செய்க.

இவை யாவற்றினும் மேலானது முன்காப்பு. ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறொரு கூரையின் கீழ் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவற்றைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஏட்டுச்சுவடி அழியுமுன் அதனைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்த முன்னோர் செய்ததும் இதுவே. ஏடு செல்லரிப்பதைக் கண்ணால் காணலாம். வட்டு கெடுவதோ கண்ணுக்குப் புலப்படாது. கருநிரல் சொன்னால்தான் தெரியும். ஆதலால் அது பிழை எண்ணைக் காட்டும்போது வெறுத்து மூடிவிடாமல் நின்று படித்தல் நம் பங்கு.